அண்ணன் மகளுக்குச் சமையலறைப் பரிசு: தைத்துக் கொடுக்கலாமா, அரைத்துக் கொடுக்கலாமா?

மூன்று மாதங்களில் திருமணமாகவிருக்கும் அண்ணன் மகளுக்கு, அத்தை முறையில் வைக்கும் தட்டில் கடைப் பொருளை வைக்காமல் கையால் செய்த சமையலறைப் பொருள்களை வைக்க விரும்புகிறீர்கள். அடுப்புக் கையுறை, ஏப்ரன், கறித்தூள், ஊறுகாய் என்று நீங்களே ஒரு பட்டியல் தந்து, வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறது, நேர்த்தையல் மட்டும் வரும் என்றும் சொல்லி, இவற்றில் எதைச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரையும் திருமணத் தேதியையும் பின்னிக் கொடுக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல, "மற்றவர்கள் மிக்சியும் ஏர் ஃபிரையரும் வைக்கும் இடத்தில் என் தட்டு மலிவாகத் தெரியுமோ" என்று ஒரு வரி இருக்கிறது. உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. ஆகவே எதைச் செய்யலாம் என்பதோடு, செய்தது அந்தப் பெண்ணின் அடுப்பங்கரையில் ஓராண்டு கழித்தும் புழக்கத்தில் இருக்க என்ன வழி என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பினாங்கில் ஓர் இடைநிலைப் பள்ளியில் இருபத்தாறு ஆண்டுகள் எக்கோனோமி ரூமா தங்கா, அதாவது மனையியல் பாடம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டிலேயே தையல் சொல்லிக்கொடுக்கிறேன். தையலும் சமையலும் அந்த ஒரே பாடத்துக்குள் வந்ததால் துணியைப் பற்றியும் பொடியைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியும். மரவேலை எனக்குத் தெரியாது. அகப்பை, மத்து போன்றவற்றைப் பற்றி, வாங்கிப் புழங்கியவள் என்ற அளவில்தான் ஏதாவது சொல்வேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்து நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தபோது, உறவில் ஒரு பெண்ணின் திருமணத்துக்கு அழகான ஒரு சோடி அடுப்புக் கையுறை தைத்துக் கொடுத்தேன். மேலே நல்ல பூப்போட்ட துணி, உள்ளே தலையணைக்கு அடைக்கும் வெள்ளைப் பஞ்சு, ஓரத்தில் பளபளக்கும் சாட்டின் பட்டை. ஆறு மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது கையுறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆனால் ஒன்றுதான் தொங்கியது. மற்றொன்றைக் கேட்டபோது தயங்கித் தயங்கி ஓர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினாள். உள்ளங்கைப் பக்கம் ஒரு ரிங்கிட் நாணயம் அளவுக்குக் கருகி, உருகி, பிளாஸ்டிக்போல இறுகியிருந்தது. காய்ந்த தோசைக்கல்லின் காதைப் பிடித்திருக்கிறாள், துணி ஒட்டிக்கொண்டது. விரலில் கொப்புளம் வந்ததை யாரிடமும் சொல்லவில்லை. நான் அடைத்தது பாலியெஸ்டர் பஞ்சு, ஓரத்துச் சாட்டினும் பாலியெஸ்டர். பாலியெஸ்டர் இளகி உருகுவது 250 முதல் 260 டிகிரி செல்சியஸ் அளவில். வெறுமனே காய்ந்துகொண்டிருக்கும் இரும்புக் கல் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய காரியமே இல்லை. பருத்தியோ உருகாது, கருகும். கருகுகிற துணியைக் கீழே போட்டுவிடலாம், உருகுகிற துணி கையோடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெண்ணுக்கு என் தையலைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

ஆகவே துணி வாங்கும்போதே கவனம் வேண்டும். கோலாலம்பூரில் இருப்பதால் உங்களுக்கு ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானும் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவும் பக்கம். அங்கே 'காட்டன்' என்று எழுதி வைத்திருக்கும் துணிச் சுருள்களில் கலப்புத் துணியும் உண்டு, விற்பவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருப்பதும் உண்டு. அரை மீட்டர் வாங்கிவந்து வீட்டில் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள். இரண்டு விரல் அகலத் துண்டை இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தியானால் மஞ்சள் சுடரோடு எரிந்து, காகிதம் எரிந்த வாசனை வந்து, ஊதினால் பறக்கிற மெல்லிய சாம்பல் மிஞ்சும். பாலியெஸ்டரானால் சுருங்கிக்கொண்டு பின்வாங்கும், கருப்புப் புகை வரும், ஆறியபின் நசுக்க முடியாத கருமணி ஒன்று நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலுக்கு நடுவே அந்த மணிகள் தட்டுப்படும். இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ரேயானும் மரக்கூழிலிருந்து வருவதால் பருத்தி மாதிரியே எரியும், நெருப்பு அவற்றைப் பிரித்துக் காட்டாது. ஆனால் ரேயான் நனைந்தால் வலுவிழக்கும். ஆகவே ஒரு நூலை உருவி, நாக்கில் நனைத்து இழுத்துப் பாருங்கள், சட்டென்று அறுந்தால் ரேயானாக இருக்கலாம். பாத்தேக் (பாத்திக்) என்ற பெயரில் மலிவாக விற்கும் துணிகளில் இது அதிகம்.

வாங்கிய துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை வெந்நீரில் துவைத்துக் காயவிடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சுருங்குவது சாதாரணம், தைத்தபின் சுருங்கினால் மேல்துணியும் உள்துணியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு கையுறை முறுக்கிக்கொள்ளும். சிவப்பு, கருநீலத் துணிகளை வெள்ளைத் துண்டு ஒன்றோடு சேர்த்து ஊறவைத்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் சொல்வார்கள், நானும் ஒரு காலத்தில் வகுப்பில் சொன்னவள்தான். கடைத் துணிகளின் சாயத்துக்கு அது பெரிதாக உதவுவதில்லை. சாயம் போகும் துணியை மாற்றிவிடுவதே நல்லது.

இனித் தையல். நேர்த்தையல் மட்டும் வரும் என்பதால், ஐந்து விரல் கையுறையையும் பெருவிரல் பிரிந்த கையுறையையும் விட்டுவிட்டு, சதுரமான பிடிதுணியைத் தைக்கச் சொல்வேன். உங்களுக்கு வராது என்பதற்காகச் சொல்லவில்லை. நம் அடுப்பில் தூக்குவது குழம்புச் சட்டி, கடாய், குக்கர், தோசைக்கல், இட்லிக் கொப்பரை. இவற்றின் காதைப் பிடிக்க விரல்களில் பிடிமானம் வேண்டும், தடித்த கையுறைக்குள் அது கிடைக்காது. கையுறை ஓவனிலிருந்து தட்டை இழுப்பதற்குப் பொருத்தம், உங்கள் அண்ணன் மகள் கேக் செய்பவளா என்று கேட்டுக்கொண்டு பிறகு முடிவு செய்யலாம். பிடிதுணிக்கு இருபது சென்டிமீட்டர் சதுரம் போதும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பருத்தித் துண்டுகள், நடுவில் பருத்திப் பஞ்சுத் தகடு இரண்டு அடுக்கு. தையற்பொருள் கடையில் பேட்டிங் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள், நூறு விழுக்காடு பருத்தி என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது கிடைக்காவிட்டால் பழைய பருத்திக் குளியல் துண்டு மூன்று அடுக்கு. பார்க்க எளிமையாக இருந்தாலும் அது கைவிடாது.

நான்கு அடுக்கையும் ஊசி குத்தி நிறுத்தி, மூலைக்கு மூலை சாய்வாக மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு கோடாகத் தையுங்கள். இந்த இடைவெளி முக்கியம். நெருக்கமாகத் தைத்தால் அழகாக இருக்கும் என்று ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுவார்கள். சூட்டைத் தடுப்பது பஞ்சுக்குள் சிக்கியிருக்கும் காற்று, நெருக்கித் தைத்தால் அந்தக் காற்று வெளியேறி, பிடிதுணி அட்டைபோல் தட்டையாகிச் சூடு நேராக இறங்கும். வழக்கமாகப் போடும் ஊசி இந்தத் தடிப்பில் வளையும், 16 எண் ஊசி போடுங்கள், தையல் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வையுங்கள், நூலும் பருத்தியாக இருக்கட்டும். இயந்திரம் மேல்துணியைத் தள்ளிக்கொண்டு போனால் உங்கள் கையில் குற்றம் இல்லை, தடித்த அடுக்கில் எல்லா இயந்திரமும் அப்படித்தான் செய்யும். நடுக்கோட்டை முதலில் தைத்து, பிறகு இருபுறமும் மாறி மாறிப் போனால் நகர்வு குறையும். ஓரத்துக்குப் பட்டை ஆறு சென்டிமீட்டர் அகலம், துணியின் குறுக்குவாக்கில், அதாவது நாற்பத்தைந்து டிகிரி சாய்வில் வெட்டியது. சாய்வாக வெட்டிய பட்டை இழுபடும், மூலையில் சுருக்கமில்லாமல் திருப்புவது எளிது. நான்கு பக்கத்துக்கும் எண்பது சென்டிமீட்டர், மாட்டுவதற்கு ஒரு வளையம் சேர்த்து ஒரு மீட்டர் பட்டை ஒரு பிடிதுணிக்குப் போதும். வளையத்தை மூலையில் வையுங்கள், பக்கவாட்டில் வைத்தால் தொங்கும்போது சாய்ந்து நிற்கும்.

பிடிதுணியோடு ஒரு சீட்டும் வையுங்கள்: நனைந்திருந்தால் பிடிக்காதே. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். காய்ந்த துணி காப்பாற்றும் இடத்தில் ஈரத்துணி நீராவியாகக் கையைச் சுடும். அதனால்தான் சோடியாகக் கொடுக்காமல் நான்காகக் கொடுக்கச் சொல்கிறேன், இரண்டு துவைத்துக் காயும்போது இரண்டு புழக்கத்தில் இருக்கும்.

அம்மாவின் பழைய சேலையில் தைத்துக் கொடுக்கலாமா என்று என் மாணவிகள் எப்போதும் கேட்பார்கள், உங்களுக்கும் அந்த எண்ணம் வரும். நைந்த பருத்திச் சேலை, முக்கியமாகச் சுங்குடிச் சேலை, இதற்கு மிக அருமையான துணி. ஆனால் ஐம்பது முறை துவைத்த துணி தனியாக நிற்காது, அதனடியில் புதுப் பருத்தித் துணி ஒன்றை வைத்து இரண்டையும் ஒன்றாகக் கருதித் தைக்க வேண்டும். சரிகைக் கரையைப் பிடிதுணியில் வைக்கவே கூடாது. இப்போதைய சரிகையில் பெரும்பாலும் உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் இழைதான் இருக்கிறது. சூட்டில் அது சுருண்டுகொள்ளும், பிடிதுணியோடு கிண்ணத்தை மைக்ரோவேவில் வைத்துவிட்டால் பொறி பறக்கும். சூட்டைத் திருப்பி அனுப்பும் வெள்ளிப் பூச்சுத் தகடு வைத்த பேட்டிங்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஏப்ரனைப் பற்றி எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. நம் வீட்டுப் பெண்கள் நைட்டியின்மேல் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சமைத்துவிடுகிறார்கள், பத்தில் ஏழு ஏப்ரன் கதவுக்குப் பின்னால் தொங்குவதைத்தான் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் செய்வதானால் கழுத்துப் பட்டையை நீட்டிக் குறைக்கும்படி வையுங்கள், இடுப்பு நாடா ஒவ்வொன்றும் தொண்ணூறு சென்டிமீட்டர் இருக்கட்டும், முன்னால் கொண்டுவந்து முடிச்சுப் போடலாம். இடுப்புப் பக்கம் ஒரு பட்டை வளையம் தைத்தால் கை துடைக்கும் துண்டைச் செருகிக்கொள்ளலாம், அந்த வளையத்துக்காகவே ஏப்ரனை மாட்டிக்கொள்ளும் பெண்களும் உண்டு. வெளிர் நிறம் வேண்டாம். மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் செந்நிறமாக மாறிப் பயமுறுத்தும். அது சோப்பின் காரத்தால் வரும் நிறமாற்றம்தான், அலசி வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போட்டால் மஞ்சளின் நிறம் வெளுத்துவிடும். ஆனால் அடுக்குமாடி வீட்டில் வெயில் விழும் பால்கனி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கச் சொல்வேன்: இட்லித் துணியும் தேங்காய்ப்பால் பிழியும் பையும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனால் என் அனுபவத்தில், கொடுத்தவற்றில் மறுபடியும் கேட்டு வாங்கப்பட்டவை இவை இரண்டும்தான். இட்லித் துணிக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தி, கரையில்லாத புதுப் பருத்தி வேட்டி ஒன்று வாங்கினால் இருபது துண்டாவது வரும். வேட்டியிலும் பாலியெஸ்டர் கலப்பு உண்டு, கொளுத்திப் பார்த்துவிடுங்கள். கஞ்சி போகும்வரை சோப்பில்லாமல் ஒருமுறை கொதிக்கவைத்து அலசுங்கள். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வதால்தான் வெந்த இட்லி ஒட்டாமல் வருகிறது, பாலியெஸ்டர் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளாது. வட்டமாக வெட்டினால் ஓரம் மடிக்கும்போது சுருளும், சதுரமாக வெட்டி மெல்லிய மடிப்புத் தையல் போடுங்கள். அவளுடைய இட்லித் தட்டின் அளவைக் கேட்டுக்கொண்டு வெட்ட வேண்டும். தேங்காய்ப்பால் பைக்கு இங்கே காயின் பெலாச்சு என்று விற்கும் சலவை செய்யாத பருத்தித் துணி பொருத்தமானது. இருபத்தைந்துக்கு முப்பது சென்டிமீட்டர் பை, ஓரங்களை ஒருமுறை வெளிப்பக்கமும் பிறகு திருப்பி உள்பக்கமும் தைத்து, வெட்டுவாய் மறையும்படி முடியுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் நூல் பிசிறு பாலில் விழும்.

உணவுப் பொருளுக்கு வருகிறேன். கறித்தூள் கொடுப்பது நல்ல எண்ணம், அதைப்போல் நினைவில் நிற்பது வேறில்லை. என் வீட்டு அளவு: மல்லி ஒரு கிலோ, காய்ந்த மிளகாய் அரைக் கிலோ, சீரகமும் சோம்பும் இருநூறு இருநூறு கிராம், மிளகு நூறு, விரலி மஞ்சள் எழுபத்தைந்து, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. இது மீனுக்கும் கோழிக்கும் பொதுவானது. உங்கள் அண்ணியின் வீட்டு அளவு வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண் வளர்ந்த ருசி அது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும், சேர்த்துப் போட்டால் மல்லி வெதும்புவதற்குள் சீரகம் கருகிவிடும். இங்கே தவறு நடப்பது வறுப்பதில் இல்லை, ஆறவைப்பதில். மில்லிலிருந்து வரும் தூள் கைக்குச் சூடாக இருக்கும். அவசரப்பட்டு அப்படியே புட்டியில் அடைத்தால் மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்த ஈரத்தில் பூசணம் பிடிக்கும். நம் நாட்டின் ஈரக்காற்றில் இது இரண்டு வாரத்தில் நடந்துவிடும். பூசணம் பிடித்த மிளகாயிலும் மல்லியிலும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உண்டாகலாம், வறுத்தாலும் சமைத்தாலும் அது முழுதாகப் போகாது. ஆகவே மேலே உள்ளதைச் சுரண்டி எறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தும் வேலை வேண்டாம். அகலத் தட்டில் பரப்பி மூன்று நான்கு மணி நேரம் ஆறவிட்டு, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் காற்றுக்கு இடமில்லாமல் தட்டித் தட்டி நிரப்பி, அரைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ஒன்றரைக் கிலோ கொடுத்து அசத்த வேண்டாம், புதுக்குடித்தனத்தில் இரண்டு பேருக்கு முந்நூறு கிராம் தாராளம். மூன்று மாதத்துக்குப் பிறகு வாசனை இறங்கத் தொடங்கும்.

ஊறுகாயில் உறுதியானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எலுமிச்சை, மாங்காய் போன்ற புளிப்புக் காய்களில் உப்புத் தாராளமாகப் போட்டு, ஈரமில்லாத கரண்டி, கொதிநீரில் பத்து நிமிடம் வைத்துக் காயவைத்த புட்டி என்று செய்தால் கெடுவது அரிது. நம் பாட்டிமார் குளிர்ப்பெட்டி இல்லாமலே ஆண்டு முழுவதும் வைத்திருந்தார்கள். பூண்டுத் தொக்கும் எண்ணெயில் ஊறிய பூண்டும் அப்படியல்ல. பூண்டுக்குப் புளிப்புக் குறைவு, எண்ணெய் மூடினால் காற்றும் உள்ளே போகாது. போட்டுலிசம் என்னும் கடும் நச்சு நோயை உண்டாக்கும் கிருமிக்கு வேண்டிய இடம் அதுதான். நிறமும் மணமும் மாறாமலே கெட்டிருக்கும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (புளிப்புக் கூடினால் எண் குறையும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது என்பது உணவுப் பாதுகாப்பில் நிலைநாட்டப்பட்ட கணக்கு. உங்கள் தொக்கில் புளி எவ்வளவு, அதன் பி.எச். அளவு என்னவென்று வீட்டில் அளந்து பார்க்க நமக்கு வசதியில்லை. 'நாங்கள் காலங்காலமாகச் செய்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை' என்பார்கள். உங்கள் வீட்டில் செய்து இரண்டு மூன்று நாளில், குளிர்ப்பெட்டியில் வைத்துத் தீர்ப்பது வேறு, அழகாக நாடா கட்டி வெளியே பல நாள் இருக்கப்போகும் தட்டில் வைப்பது வேறு. ஆகவே பூண்டையும் சம்பாலையும் (மிளகாய் அரைத்துச் செய்யும் மலாய்த் தொக்கு) தட்டில் வைக்காதீர்கள். ஊறுகாய் வேண்டும் என்றே தோன்றினால் எலுமிச்சை வையுங்கள், அல்லது பினாங்கிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் ஜாதிக்காய் (உலர்ந்த கொட்டை அல்ல, சதையுள்ள பச்சைக் காய்) வாங்கிவரச் சொல்லி அதில் போடுங்கள், அது கோலாலம்பூர்த் தட்டில் தனியாகத் தெரியும். சில வீடுகளில் பெரியவர்கள் மங்கலத் தட்டில் ஊறுகாய், மிளகாய் வைப்பதை விரும்புவதில்லை. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மண்டபத்தில் முகச்சுளிப்பு இருக்காது.

வடகம் போட நினைத்தால் மாதத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் பினாங்கில் சனவரி, பிப்ரவரி வெயில் நம்பலாம், செப்டம்பர், அக்டோபரில் மொட்டை மாடிப் பக்கமே போக முடியாது. கோலாலம்பூரில் ஏப்ரல், நவம்பர் மாதங்களில் பிற்பகல் மழை வெயிலை நம்பவிடாது. பிரிமணை பின்னத் தெரிந்த பாட்டி யாராவது உங்கள் குடும்பத்தில் இருந்தால் அதை விடாதீர்கள். மேசையில் சூடான சட்டியை வைக்க அதைவிட நல்ல பொருள் கடையில் இல்லை, இன்றைய பெண்கள் பார்த்தும் இருக்க மாட்டார்கள். கொட்டாங்கச்சி அகப்பை வாங்கிக் கொடுப்பதானால் வார்னிஷ் அடிக்காததாகப் பாருங்கள், அதற்குமேல் அந்த விஷயத்தில் என்னிடம் கேட்காதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விட ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால், ஒரு சமையல் குறிப்பேட்டைச் செய்யுங்கள் என்பேன். அண்ணியின் கைப்பக்குவத்தில் பத்துப் பன்னிரண்டு பதார்த்தம், அதற்குமேல் வேண்டாம். ஆனால் அவரைக் கேட்டு எழுதாதீர்கள், பக்கத்தில் நின்று எழுதுங்கள். கேட்டால் 'கொஞ்சம் புளி, தேவையான உப்பு' என்றுதான் வரும். ஒரு சமையலறைத் தராசை வைத்து, அவர் கை போடுவதற்கு முன்னும் பின்னும் கிண்ணத்தை நிறுத்துப் பார்த்தால் அந்தக் 'கொஞ்சம்' இருபத்தைந்து கிராமா நாற்பதா என்பது தெரிந்துவிடும். என் அக்கா மகளுக்காக நான் இதைச் செய்தபோது சிக்கியது புளியில் இல்லை, அரிசியில். 'ரெண்டு டின் அரிசிக்கு மூணு டின் தண்ணி' என்று அக்கா சொன்னார், நானும் எழுதிவிட்டேன். அவர் டின் என்றது கெட்டிப்பால் டின், அதுவும் கைப்பிடி வைத்துப் பற்றுவைத்த, அம்மா காலத்து டின். அதை எடுத்துத் தண்ணீர் ஊற்றி அளந்தேன், முந்நூறு மில்லியளவு பிடித்தது. இப்போது கடையில் கிடைக்கும் டின்கள் ஒரே கொள்ளளவில் இல்லை. அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே டின் என்பதால் சோறு தப்பித்துவிடும், ஆனால் டின் கணக்கிலேயே உளுந்தும் உப்பும் சொல்லியிருந்த மாவு தப்பாது. ஆகவே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் 'நம் வீட்டு டின் என்றால் 300 மில்லி' என்று எழுதினேன். உங்கள் அண்ணி வீட்டிலும் ஒரு டின்னோ குவளையோ இருக்கும், அதை அளந்து எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதினால் ஈரக்கை பட்டாலும் கலையாது, மை பேனா கலையும். முடிந்தால் ஒரு பதார்த்தத்தையாவது அண்ணியையே அவர் கையெழுத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள்.

மலிவாகத் தெரியுமோ என்றதற்கு நேராகப் பதில் சொல்கிறேன்: பல பொருளைச் சுமாராகச் செய்து குவித்தால் தெரியும், நான்கு பொருளைச் சுத்தமாக முடித்து வைத்தால் தெரியாது. கைவேலையைக் காட்டிக்கொடுப்பது நிறமோ துணியோ அல்ல, வெட்டாமல் விட்ட நூல் நுனியும், ஓரப்பட்டை முடியும் இடத்தில் பிதுங்கும் துணியும்தான். பிடிதுணி, இட்லித் துணி, கறித்தூள், குறிப்பேடு, போதும். மெங்குவாங் கூடை ஒன்று வாங்கி அதில் அடுக்கினால் செலோபேன் சுற்றும் தட்டு அலங்காரமே வேண்டியதில்லை. தாழையோலைப் பின்னலுக்குத் தனி மரியாதை உண்டு, பிறகு வெங்காயம் போட்டு வைக்கவும் ஆகும். துணியில் கறுப்பைத் தவிருங்கள், அது சாயப் பிரச்சினைக்காக அல்ல, மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியம்மாக்களுக்காக.

நாள் கணக்குப் பார்த்தால், முதல் மூன்று வாரத்தில் ஒரே ஒரு பிடிதுணியைத் தைத்து உங்கள் அடுப்பில் போட்டுப் புழங்குங்கள். தினமும் தோசைக்கல்லைப் பிடியுங்கள், வாரம் ஒருமுறை துவையுங்கள். எங்கே சுடுகிறது, எங்கே தையல் விடுகிறது என்று அது சொல்லும், அதன்பிறகு நான்கையும் வெட்டுங்கள். குறிப்பேட்டுக்கு அண்ணி வீட்டுக்கு நான்கைந்து ஞாயிறு போக வேண்டியிருக்கும், அதை இப்போதே தொடங்குங்கள். தூள் கடைசிப் பத்து நாளில், அதற்கு முன் வேண்டாம்.

பெயர் பின்னலாமா என்றால், பின்னலாம். பருத்தி நூலில், பிடிதுணியின் வளையத்துக்குப் பக்கத்து மூலையில், சூட்டில் படாத இடத்தில், மணமகள் பெயரின் முதலெழுத்து மட்டும் போதும். தேதியைத் தைக்காதீர்கள். என்னிடம் தையல் கற்ற ஒரு பெண்ணுக்காக நான்கு பிடிதுணியிலும் '29.3.2020' என்று சிவப்பு நூலில் பின்னி வைத்திருந்தேன். மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, திருமணம் தள்ளிப்போனது. ஊசிமுனையால் இழை இழையாகப் பிரித்து எடுத்த பிறகும் துணியில் அந்த எண்கள் துளைத்துளையாகத் தெரிந்தன. அவற்றை நான்தான் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு வேறு நான்கு தைத்துக் கொடுத்தேன்.